ஒரு மகாமகத்துக்கும் அடுத்த மகாமகத்துக்கும் நடுவே: கும்பகோணத்தில் கைநழுவ இருந்த ஒரு வாடகை வீடு

கும்பகோணத்தில் எங்கள் பெரியம்மாவுக்கு ஒரு பழைய ஓட்டு வீடு இருக்கிறது. திண்ணை, ரேழி, முற்றம், அடுப்படி, அதற்குப் பின்னால் நீளமாகக் கொல்லை, கொல்லை முடிகிற இடத்தில் அடுத்த தெருப் பக்கம் திறக்கிற ஒரு மரக்கதவு. டெல்டாவில் பழைய வீடுகள் பல இப்படித்தான், ஒரு தெருவில் ஆரம்பித்து இன்னொரு தெருவில் போய் முடியும். அந்தக் கொல்லைக் கதவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மொத்த விவகாரமும் அதன் வழியாகத்தான் உள்ளே வந்தது.

பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, வயதானவர்கள் மகள் வீட்டுக்கோ மகன் வீட்டுக்கோ போய்விட, ஊரில் வீடு மட்டும் தனியாக நிற்கிற குடும்பங்கள் தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கம் எத்தனையோ. அவர்களுக்காகத்தான் இதை முழுசாக எழுதுகிறேன், நாங்கள் செய்த தப்புகளோடு சேர்த்து. யார் பெயரும் இதில் இல்லை, இனியும் வராது.

என்ன நடந்தது

பெரியப்பா இறந்த பிறகு பெரியம்மா திருச்சியில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். பெரிய அண்ணன் ஓசூரில், சின்ன அண்ணன் துபாயில். வீட்டு வரி, கரண்ட் இணைப்பு, நிலப் பதிவு எல்லாம் பெரியப்பா பெயரிலேயே கிடந்தன, யாரும் மாற்றவில்லை. "பூட்டிப் போட்டா கரையான் தின்னுடும்டா, ஆள் புழங்கினாத்தான் வீடு நிக்கும்" என்பார் பெரியம்மா. அது உண்மைதான். ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு ஓடு நழுவினால் போதும், பார்க்க ஆளில்லாத வீட்டில் அடுத்த மழைக்குள் கூரையின் மரச்சட்டம் உளுத்துவிடும். அதனால் தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று, ஒரு கடையில் வேலை பார்த்தவருக்கு மாதம் 4,000 ரூபாய் வாடகை, 20,000 அட்வான்ஸ் என்று விட்டார்கள். எழுத்து எதுவும் கிடையாது. "தெரிஞ்ச பையன்தானே."

14 மாதம் வாடகையைக் கையில் கொடுத்தார், கடைசி 4 மாதம் அக்காவின் எண்ணுக்குக் கூகுள் பேயில் 'வாடகை' என்று குறிப்பெழுதி அனுப்பினார். அந்த ஒரு சொல் பின்னால் எங்களுக்கு எவ்வளவு உதவியது என்பதை அப்புறம் சொல்கிறேன். பிறகு ஒரு நாள் போன் செய்து, திருப்பூரில் வேலை கிடைத்துவிட்டது, வீட்டைக் காலி செய்துவிட்டேன், சாவி எதிர் வீட்டில் இருக்கிறது என்றார். அக்காவும் வாடகை பாக்கி போக மீதி அட்வான்ஸை அனுப்பிவிட்டார். சாவி நிஜமாகவே எதிர் வீட்டில் இருந்தது, வாசல் பூட்டும் தொங்கியது. ஆனால் கொல்லைக் கதவுக்கு இரண்டு சாவி உண்டு என்பது எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை, நேரில் போய்ப் பார்க்கவும் இல்லை. 8 மாதம்.

காட்டிக்கொடுத்தது கரண்ட் பில். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், பூட்டிய வீட்டுக்குப் பணம் கட்டவேண்டி வராது. அக்காவின் செல்லுக்கு ஒரு சின்னத் தொகை வந்தது, பழைய பாக்கி போலிருக்கிறது என்று கட்டிவிட்டார். அடுத்ததையும் கட்டினார். மூன்றாவது 1,800-ஐத் தாண்டியதும்தான் சந்தேகம் வந்து, தஞ்சாவூரில் இருக்கிற என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னார். 40 கிலோமீட்டர்தான். நானே முன்னாலேயே போயிருக்கலாம், போகவில்லை.

வாசல் பூட்டு துருப்பிடித்து அப்படியே இருந்தது, உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம். பின்தெரு வழியாகச் சுற்றிப் போனால் கொல்லைக் கதவு முன்னால் கோலம் போட்டிருக்கிறது. கொல்லை முழுக்க அண்டாவும் ஜல்லிக் கரண்டியுமாக அடுக்கி வைத்திருந்தார்கள். கல்யாண சமையல் எடுத்துச் செய்கிறவர், மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். "வாங்க தம்பி, யார் வேணும்?" என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். யார் என்று சொன்னதும் அவர் முகம் வெளுத்துப்போனது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்தார். 20 ரூபாய் முத்திரைத்தாளில் ஒத்திப் பத்திரம். 1,50,000 ரூபாய், 3 வருடம். கையெழுத்துப் போட்டவர் எங்கள் பழைய வாடகைக்காரர், 'வீட்டுக்காரரின் உறவினர், அதிகாரம் பெற்றவர்' என்று எழுதியிருந்தார். அந்தப் பணத்துக்காக இவர் மனைவி நகையை அடகு வைத்திருக்கிறார்.

ஒத்தி என்றால் நம் பக்கம் எல்லாருக்கும் தெரியும். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வாங்கிக்கொள்வது. சட்டத்தின் கண்ணில் இது சுவாதீன அடமானம், 100 ரூபாய்க்கு மேற்பட்டது என்றால் பதிவு செய்து, இரண்டு சாட்சிக் கையெழுத்தும் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், எழுதிக் கொடுக்கிறவருக்கு வீடு சொந்தமாக இருக்க வேண்டும். ஆக அந்தத் தாள் வீட்டைப் பொறுத்தவரை வெறும் தாள். ஆனால் அவர் கொடுத்த பணம் நிஜம். பதியாத ஒத்தி வில்லங்கச் சான்றில் வரவே வராது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், நாங்கள் ஆன்லைனில் வில்லங்கம் போட்டுப் பார்த்தபோது ஒன்றுமே காட்டவில்லை. வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அண்ணனின் கோபமும் வக்கீலின் பதிலும்

ஓசூரிலிருந்து அண்ணன் மறுநாளே கிளம்பி வந்தார். நாலு பேரைக் கூட்டிப் போய்ச் சாமான்களைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டு நம் பூட்டைப் போடுவோம், நம் வீடுதானே என்றார். அது முடியாவிட்டால் கரண்டைப் பிடுங்கிவிடலாம் என்றார். அந்த நேரத்தில் எனக்கும் அது சரியென்றே பட்டது. வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டுச் செய்வோம் என்று பெரியம்மா சொன்னதால் தப்பித்தோம்.

வக்கீல் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஒருவர் ஓரிடத்தில் நிலையாகக் குடியிருக்க ஆரம்பித்துவிட்டால், அவருக்கு உரிமையே இல்லையென்றாலும், சொந்தக்காரரே ஆனாலும் பலத்தால் வெளியேற்றக் கூடாது, நீதிமன்றம் வழியாகத்தான் போக வேண்டும். 2004-இல் வெளியான ராமே கவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அப்படி வெளியேற்றினால், குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் 6-ஆம் பிரிவின்படி அவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு, யார் சொந்தக்காரர் என்ற கேள்விக்கே போகாமல், திரும்ப உள்ளே வந்துவிடலாம். அதோடு அத்துமீறல், அடிதடி என்று போலீஸ் கேஸ் நம் மேல் விழும். கரண்ட், தண்ணீர் துண்டிப்பதும் அப்படியே, கைக்கு எட்டுகிற ஆயுதம் மாதிரி தெரியும், நீதிபதி முன்னால் நம்மைத்தான் குத்தும். இதே 6-ஆம் பிரிவு நமக்கும் உண்டு. நம் கையில் இருந்த வீட்டில் ஒருவர் புகுந்தார் என்று 6 மாதத்துக்குள் போயிருந்தால் அந்தக் குறுக்கு வழி கிடைத்திருக்கும். நாங்கள் எட்டாவது மாதம் போய் நிற்கிறோம்.

அப்புறம் அந்த 12 வருடம். ஊரில் எல்லாரும் சொல்வார்கள், 12 வருஷம் இருந்துட்டா அவனுக்கே சொந்தம் என்று. பாதி சரி, பாதி தப்பு. காலவரையறைச் சட்டம் 1963-இன் 65-ஆம் இனத்தின்படி, ஒருவருடைய அனுபவம், அதாவது இடத்தைத் தன் கையில் வைத்திருப்பது, நமக்கு எதிரானதாக மாறிய நாளிலிருந்து 12 வருடத்துக்குள் நாம் வழக்குப் போட வேண்டும், விட்டால் நம் உரிமையே போய்விடும். ஆனால் அந்த அனுபவம் வெளிப்படையாக, இடைவிடாமல், 'இது என்னுடையது, உன்னுடையதில்லை' என்ற எண்ணத்தோடு இருக்க வேண்டும். அனுமதியோடு இருப்பவருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் வருடங்கள் எத்தனை போனாலும் அது மட்டுமே சொந்தம் ஆக்காது. காவல்காரர், வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர், வேலையாள் எவ்வளவு காலம் இருந்தாலும் அந்த இடத்தில் உரிமை வராது என்று 2012-இல் மரியா மார்கரிடா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அவர் காவலுக்குத்தான் வந்தார், வாடகைக்குத்தான் வந்தார் என்று யார் காட்டுவது? அந்த ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல்தான் பல வீடுகளின் வழக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறது. 2019-இல் ரவீந்தர் கவுர் வழக்குக்குப் பிறகு, 12 வருட எதிரிடை அனுபவத்தைக் காட்டி அப்படி இருப்பவரே முன்வந்து வழக்குப் போட்டு உரிமை கேட்கலாம் என்றும் ஆகிவிட்டது, முன்பு அது பெரும்பாலும் தற்காப்புக்கு மட்டும் என்று இருந்தது.

வக்கீல் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பெரியம்மா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்போ ஒரு மகாமகத்துக்கும் அடுத்த மகாமகத்துக்கும் நடுவுல வீடு போயிடும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2016 மகாமகத்துக்கு நாங்கள் எல்லாரும் அந்த வீட்டில்தான் படுத்திருந்தோம், திண்ணையில்கூட இடமில்லை. அடுத்தது 2028. மகாமகத்துக்கு வந்தால் போதும் என்று வாழ்கிற பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறோம், அந்த இடைவெளியும் சட்டம் தரும் கெடுவும் ஒரே அளவு.

காகிதம் சேர்த்த கதை

வக்கீல் முதலில் கேட்டது வீட்டு வரி யார் கட்டுகிறார்கள் என்பது. மூன்று அரையாண்டாக நாங்கள் கட்டவில்லை, நல்லவேளை சமையல்காரரும் கட்டவில்லை. வரி ரசீது மட்டும் யாரையும் சொந்தக்காரர் ஆக்காது, ஆனால் அனுபவத்துக்கு அது ஒரு சாட்சி, வருடக்கணக்கில் அடுத்தவர் பெயரில் சேர்ந்தால் தலைவலி. சமையல் கேஸ் புத்தகத்தில் அவருடைய முகவரி ஏற்கெனவே மாறியிருந்தது, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பதிவிலும் இந்த வீடுதான். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, குடியிருக்கிறவர் அதைத்தான் செய்வார்.

நாங்கள் ஓடினோம். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசு சான்றிதழ், அதை வைத்து மாநகராட்சியில் வரிப் பெயர் மாற்றம், நகர நில அளவைப் பதிவேட்டு நகல், மூலப்பத்திரம், பாக்கி வரி. துபாய் அண்ணன் அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் ஒரு பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார், அது இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், அந்தப் பவரில் வழக்கு நடத்துவது, வாடகைக்கு விடுவது என்பதை மட்டும் எழுதினோம், விற்கிற அதிகாரம் கொடுக்கவில்லை. சொந்த அண்ணன் தம்பிக்குள்ளேகூட வேண்டிய அளவுக்கு மேல் ஒரு வரி பவரில் எழுதக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

போலீஸ் நிலையத்தில் மனு கொடுத்தோம், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது, எதிர்பார்த்தபடி இது சிவில் மேட்டர் என்றார்கள். கோட்டாட்சியரிடம் போகிற வழியும் ஒன்று உண்டு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 145-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 164, ஆனால் அது சண்டை மூளும் நிலையில் கடைசி 2 மாதத்தில் யார் கையில் இடம் இருந்தது என்று மட்டும் பார்க்கும். எங்களுக்கு ஆகாது.

வாடகை நீதிமன்றமா, முன்சீப் கோர்ட்டா என்பது அடுத்த கேள்வி. 2017-இல் இயற்றி 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், தகராறு வந்தால் வாடகை நீதிமன்றம் போகலாம். ஆனால் இந்தச் சமையல்காரர் எங்களுக்கு வாடகைக்காரரே இல்லை, அதனால் சொத்தைத் திரும்பப் பெறும் வழக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் போட்டோம். முதல் ஆளோடு நாங்கள் ஒப்பந்தம் எழுதிப் பதிந்திருந்தால், என் அனுமதியில்லாமல் உள்வாடகை விடக்கூடாது என்ற ஒரே வரி எவ்வளவு வேலையை மிச்சப்படுத்தியிருக்கும்!

அந்தக் கூகுள் பே விஷயம் இங்கேதான் வந்தது. பழைய வாடகைக்காரர் முதலில், நான் வாடகைக்கே இல்லை, பெரியப்பா உயிரோடு இருந்தபோதே பார்த்துக்கொள்ளச் சொல்லி அதிகாரம் கொடுத்தார் என்று கதை கட்டினார். 4 மாதம் 'வாடகை' என்று எழுதி அனுப்பிய பணம் வங்கிக் கணக்கில் வரிசையாக நிற்கிறது. வாடகைக்கு வந்தவர் தன்னை உள்ளே விட்டவருக்கு உரிமை இல்லை என்று பேச முடியாது என்பது சாட்சியச் சட்டத்தில் பழைய விதி. அந்த நான்கு வரிகள் அவருடைய வாயை அடைத்தன. கையில் கொடுத்த 14 மாதத்துக்கு எங்களிடம் ஒரு ரசீதுகூட இல்லை.

எதிரியாக நினைத்தவர்

எனக்கு இந்த விவகாரத்தில் மிகவும் உறைத்தது இதுதான். முதல் ஒரு மாதம் நாங்கள் சமையல்காரரை ஆக்கிரமிப்பாளர் என்றே பேசினோம். அவரோ ஏமாந்தவர். பெரியம்மாதான் ஒரு நாள் நேரில் போய், திண்ணையில் உட்கார்ந்து, அவர் மனைவியிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தார். "அவங்க நகை போயிருக்கு, நம்ம வீடு மாட்டியிருக்கு, ரெண்டு பேருக்கும் ஒரே ஆள்தான் பண்ணினது" என்றார். அதற்குப் பிறகு வழி மாறியது. சமையல்காரர் பழைய வாடகைக்காரர் மேல் மோசடிப் புகார் கொடுத்தார், எங்கள் வாக்குமூலமும் கூகுள் பே கணக்கும் அதற்குத் துணை. புகார் போனதும் திருப்பூரிலிருந்து பழைய வாடகைக்காரரின் உறவினர்கள் பேச வந்தார்கள், பணம் தவணை தவணையாகத் திரும்பத் தொடங்கியது.

எங்கள் வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது. பிள்ளைகளின் முழு ஆண்டுத் தேர்வு முடிகிறவரை அவர்கள் இருக்கலாம், எங்கள் அனுமதியின் பேரில் மட்டுமே இருக்கிறார்கள், எந்த உரிமையும் கோரவில்லை, மே மாதக் கடைசியில் சாவியை ஒப்படைப்பார்கள். மக்கள் நீதிமன்றத் தீர்வு, கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீல் கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். சொத்து வழக்கில் அந்தக் கட்டணம் சின்னத் தொகை இல்லை. குடியிருந்த மாதங்களுக்கு நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க 20,000 ரூபாய் பெரியம்மா கொடுத்தார். அண்ணனுக்கு அதில் மனசே இல்லை, "நம்ம வீட்டில் ஓசியில் இருந்தவருக்கு நாம பணம் கொடுக்கணுமா" என்றார். எனக்குப் பெரியம்மா செய்தது நியாயமாகவும் பட்டது, வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவதைவிட மலிவாகவும் பட்டது.

எல்லா வழக்கும் இப்படி முடியாது, வேண்டுமென்றே புகுந்து மிரட்டிப் பணம் கேட்கிறவர்களும் டெல்டாவில் இருக்கிறார்கள், போலிப் பத்திரம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் திண்ணைப் பேச்சு எடுபடாது, மாவட்ட நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவுக்கும் கோர்ட்டுக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். ஆனால் உள்ளே இருப்பவர் எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் கையை ஓங்கக் கூடாது.

இதைக் கேள்விப்பட்ட சித்தப்பா ஒருவர் திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, எங்கள் தோட்டத்து மூலையிலும் ஒரு குடும்பம் ஆக்கிரமித்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். விசாரித்தால் மூன்று தலைமுறையாக அவர்கள் நிலத்தில் வேலை பார்த்த குடும்பம். 1971-ஆம் ஆண்டு குடியிருப்புச் சட்டம், அந்த வருடம் ஜூன் 19 அன்று அப்படிக் குடியிருந்த விவசாயத் தொழிலாளிகளுக்கு அந்த மனையையே சொந்தமாக்கிவிட்டது. அது ஆக்கிரமிப்பு இல்லை, அவர்கள் வீடு என்று சொன்னேன், சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை. கும்பகோணத்திலேயே பல வீடுகள் கோயில் அல்லது மட அடிமனையில் நிற்கின்றன, கட்டடம் நம்முடையது, மண் அவர்களுடையது. அப்படிப்பட்ட வீட்டை வாடகைக்கு விடுவதற்கு முன்னால் கோயிலுக்கு அடிமனை வாடகை பாக்கி இல்லாமலும், எழுத்தில் அனுமதியோடும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு பக்கமிருந்து நோட்டீஸ் வரும்.

இப்போது வீட்டில் ஒரு பள்ளி ஆசிரியர் குடும்பம் இருக்கிறது. ஒப்பந்தம் எழுதி, பதிந்து, ஒவ்வொரு அறையையும் கதவுகளையும் போட்டோ எடுத்து இணைத்திருக்கிறோம், எத்தனை சாவி கொடுத்தோம் என்ற எண்ணிக்கையோடு. வாடகை பெரியம்மாவின் வங்கிக் கணக்குக்கு மட்டும், கையில் வாங்குவதில்லை. கரண்ட் இணைப்பு பெரியம்மா பெயருக்கு மாறிவிட்டது, பில் தகவல் எனக்கும் வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நான் போய் ஓடு, சட்டம், கொல்லை எல்லாம் பார்க்கிறேன், ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான். கொல்லைக் கதவை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பலாம் என்று அண்ணன் சொன்னார். பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை, பூட்டை மட்டும் மாற்றினோம். பழைய வாடகைக்காரர் சமையல்காரருக்கு இதுவரை 1,15,000 கொடுத்திருக்கிறார், 35,000 பாக்கி நிற்கிறது, அதற்கு அடுத்த வாய்தா ஆடி கழித்து.